குப்பைத் தொட்டிக்குப் பதிலாக ஒரு பறி

மண்டூர் வயல் வட்டையில் சிறுபோக அறுவடை முடிந்து மெசின்காரர் என் கூலிக் கணக்கைத் தீர்த்ததும், காத்தான்குடிக்குப் போய் ஒரு பழைய லப்டொப் வாங்கினேன். ஏன் வாங்கினேன் என்று கேட்டால் இன்றைக்கும் ஒழுங்கான பதில் இல்லை. என் படிப்பு எட்டாம் வகுப்போடு நின்றது. நாங்கள் அகதி முகாமில் இருந்த வருடம் அது. பிறகு கொழும்பில் ஹோட்டல், கட்டாரில் கம்பி கட்டும் வேலை, பொலன்னறுவையில் அரிசி ஆலை என்று எங்கும் ஒரு வருடத்துக்கு மேல் நான் நின்றதில்லை. படுத்த அறைகளில் ஒரு சுவரைக்கூட என் விருப்பப்படி பூசியது கிடையாது.

"இந்தப் பொட்டிக்கு லினக்ஸ்தான் சரி தம்பி," என்றார் கடைக்கார நானா. "பாரம் ஏத்தினீங்கண்டா படுத்திரும். இதுல சும்மா கிடைக்கிற தீம், ஐகன் எல்லாம் போட்டு உங்கட விருப்பத்துக்கு மாத்திக்கலாம்."

அந்தக் கடைசி வசனம்தான் என்னைப் பிடித்தது.

மழைக்காலத்தை தேற்றாத்தீவில் அக்கா வீட்டில் கழித்தேன். அக்கா என்னைவிட மூன்று வயது மூத்தவள். யன்னலோரம் தையல் மெசினை வைத்து ஊராருக்குச் சட்டை தைக்கிறாள். அத்தான் இரவில் ஆற்றில் இறால் பிடித்துவிட்டுப் பகலில் தூங்குவார். அவர் குறட்டைக்கும் மெசின் சத்தத்துக்கும் நடுவில் நான் தீம் மாற்றிக்கொண்டிருந்தேன்.

முதல் இரண்டு நாளும் இறக்கிய தீமை எங்கே போடுவதென்றே தெரியவில்லை. பெயர் புள்ளியில் தொடங்கும் கோப்புறை கண்ணுக்குத் தெரியாதாம். அதைத் தெரியவைக்க ஒரு பொத்தான் உண்டென்று கண்டுபிடித்த பிறகு என்னை நிறுத்த ஆளில்லை. கீழேயிருந்த பட்டையை நடுவுக்குக் கொண்டுவந்து ஓரங்களை வட்டமாக்கினேன். மூடும் பொத்தானை இடப்பக்கம் மாற்றினேன். ஒரு தீம் எழுத்தையும் வெள்ளையாக்கி, அதன் பின்னணியையும் வெள்ளையாக்கிவிட்டது. பழையதற்குத் திரும்பும் வழி அந்த வெள்ளைக்குள்தான் எங்கோ இருந்தது. குத்துமதிப்பாக அழுத்தி அழுத்தி அரை நாளில் வெளியே வந்தேன். குருமண்வெளித் துறையில், ஆற்றைக் கடக்கும் பாதைப் படகுக்காகக் காத்து நின்றபோது போனில் எடுத்த படத்தை வால்பேப்பராகப் போட்டேன். காலைத் தண்ணீர், ஒரு தோணி, மேலே நிறைய வெறும் வானம்.

அதற்குமேல் கண்ணை உறுத்தியது குப்பைத் தொட்டி மட்டும்தான். தகரத்தில் மூடி போட்ட ஒரு வாளி. அப்படியொரு வாளியை எங்கள் பக்கத்தில் எந்த வீட்டிலும் நான் கண்டதில்லை. குசினிக்குப் பின்னால் தொங்கிய, பிடித்த மீனைப் போடும் அத்தானின் ஓலைப் பறியைப் படமெடுத்து, சுற்றியிருந்ததை வெட்டியெறிந்து அந்த இடத்தில் வைத்தேன். குப்பைத் தொட்டிக்கு இரண்டு ஐகன் வேண்டும்: ஒன்றுமில்லாதபோது ஒன்று, ஏதாவது விழுந்த பிறகு ஒன்று. வெறும் பறி ஒன்று, வாய்க்கு வெளியே மீன் வால்கள் நீட்டிய பறி ஒன்று. அந்த வால்களைச் சரியாக வெட்டியெடுக்க ஒரு பகல் போனது. இவ்வளவு கவனமாக நான் எந்த வேலையும் செய்ததில்லை.

அந்த நாட்களில் அக்காவுக்கு வேறொரு கவலை இருந்தது. தையல் பயிற்சி நிலையம் ஒன்றில் கற்றுக்கொடுக்க ஆள் தேடினார்கள். அதற்குத் தேசியச் சான்றிதழ் வேண்டும். அக்காவும் என்னைப்போல் பாதியில் விட்டவள்தான். ஆனால் செய்த வேலையைக் காட்டி, நேரில் வருபவர் சோதித்து ஒப்புக்கொண்டால் சான்றிதழ் கிடைக்கும். வெட்டியது, பொருத்தியது, முடித்தது என்று ஒவ்வொரு படியாகப் படம் காட்ட வேண்டும். ஆறு வருடமாக அவள் அவற்றைப் போனில் எடுத்து வைத்திருந்தாள்.

"போன்ல இனி இடமில்ல தம்பி. இவ்வளவத்தையும் எங்க வைக்கிற?"

"போனை லப்டொப்பில கொழுவு. படத்த இழுத்து வெளியில போடு. பிறகு வேணுமான இடத்தில வை," என்றேன். அவ்வளவுதான் சொல்லிக்கொடுத்தேன். கூரை வேயும் வேலை ஒன்று வந்தது, களுவாஞ்சிகுடிக்குப் போய்விட்டேன்.

மூன்றாம் நாள் திரும்பி வந்து திறந்தால் பறியில் மீன் வால்கள் தெரிந்தன. நான் வேண்டாமென்று தள்ளிய தீம்களும் ஐகன் மூட்டைகளும் என்று நினைத்தேன். கொட்டப் போனபோது, காலியாக்கவா, திரும்பப் பெற முடியாது என்று அது கேட்டது. இப்படியான கேள்விகளை வாசிக்கிற ஆள் நானில்லை. ஓம் என்று அழுத்தினேன். பறி வெறுமையானது. பார்க்கத் துப்புரவாக இருந்தது.

மறுநாள் காலை அக்கா கூப்பிட்டாள்.

"இஞ்ச வா தம்பி. பறி ஏன் வெறுமையாக் கிடக்கு?"

"நான்தான் கொட்டினனான்."

"எங்க கொட்டினாய்?"

"அது குப்பை, அக்கா. கொட்டினா போயிரும்."

"பறி எப்பிடிக் குப்பையாகும்? உன்ட அத்தான் பறியிலயா குப்பை போடுறவர்?" குரல் உயரவில்லை. "என்ட படமெல்லாம் அதுக்குள்ளதான் போட்டன். போட்ட உடனே மீன் வால் தெரிஞ்சிது. ஏத்துக்கொண்டுட்டு எண்டுதானே போன்ல இருந்தத அழிச்சன்."

அவள் போய் மெசினில் உட்கார்ந்து ஒரு தையல் ஓட்டினாள். பிறகு நூலை இழுத்து அதைப் பிரித்தாள். சோதிக்க வருபவர் வர ஒன்பது நாள் இருந்தது.

நானாவுக்குப் போன் எடுத்தேன்.

"உடனே நிப்பாட்டுங்க. அதுல புதுசா ஒண்டும் வைக்காதீங்க. கொட்டின இடத்துல வேற ஏதும் விழுந்தாத்தான் பழசு அழியும். அதுக்கு முந்திக் கொண்டு வாங்க."

லப்டொப்பை உரப்பையில் சுற்றி மழையோடு பஸ் ஏறினேன். நானா ஒரு பென் ட்ரைவைக் கொழுவி அதிலிருந்து இயக்கினார். அழிந்த படங்களைத் தேடியெடுக்கும் மென்பொருள் ஒன்று ஓடத் தொடங்கியது. கிடைப்பவற்றைத் தன்னுடைய வேறொரு ஹாட் டிஸ்க்கில் சேர்த்தார். நடந்ததைச் சொன்னபோது என் பறியைப் பார்க்க வேண்டுமென்றார். திரையை நான் போனில் பிடித்து வைத்திருந்த படத்தைக் காட்டினேன்.

"நல்லாத்தான் வெட்டி இருக்கீங்க. ஆளுக்கு அறிவு வேலை செய்யுது, தவறின பக்கத்துல."

பின்னேரம் வரை ஓடியது. படங்கள் வந்தன. ஆனால் பெயரில்லை, திகதியில்லை, ஒழுங்கில்லை. அந்த மென்பொருளுக்கு அக்காவின் படம் எது, என் ஐகன் எது என்று தெரியாது. படமென்று கண்டதையெல்லாம் அள்ளிவந்திருந்தது. மழை தொடங்கியதிலிருந்து நான் இறக்கிப் பார்த்து எறிந்த அத்தனை ஐகன்களும், பல்லாயிரம், அக்காவின் சட்டைகளோடு கலந்து கிடந்தன.

நானாவின் டிஸ்க்கை வாங்கிவந்து, மறுநாள் வீட்டில் அக்காவும் நானும் உட்கார்ந்து பொறுக்கினோம். நீலக் கோப்புறை, செம்மஞ்சள் கோப்புறை, காகிதம் மடித்த மாதிரி ஒன்று, கண்ணாடி மாதிரி ஒன்று, அவற்றுக்கு நடுவே ஒரு கழுத்துப் பட்டி. பிறகு நூறு கடிகாரம். பிறகு ஒரு சட்டைக் கை.

"இது எல்லாம் ஒரே சாமான்தானே?" என்று கேட்டாள்.

"ஓம். கோப்புறை."

"ஒரு ஆளுக்கு எத்தினை சட்டைடா தைச்சு வெச்சிருக்கிறாய்."

உள்ளே படுத்திருந்த அத்தான் சிரித்தது கேட்டது. அதுவரை தூங்குகிறார் என்றுதான் நினைத்தோம்.

அளவுப்படி அடுக்கினால் போனில் எடுத்தவை பெரிதாக ஒரு பக்கம் ஒதுங்கும் என்பது இரண்டாம் நாள்தான் என் புத்திக்கு எட்டியது. முந்திய நாள் முழுக்கக் கண் சிவக்க உட்கார்ந்தவள் என்னை ஒரு பார்வை பார்த்தாள். ஆனாலும் வாடிக்கையாளர்கள் உடுத்துக்கொண்டு அனுப்பிய படங்கள் சிறியவை. அவற்றை ஐகன் கூட்டத்திலிருந்து கண்ணால்தான் எடுக்க வேண்டியிருந்தது. ஒழுங்கை அக்கா போட்டாள். எந்தத் துணி யாருடையது, எது முதலில் வெட்டியது என்று அவளுக்கு மறக்கவில்லை.

பெரும்பாலானவை வந்துவிட்டன. அவள் அதிகம் நம்பியிருந்தது ஒரு நடன உடுப்பு. முன்பக்கம் விசிறி போல விரியும் மடிப்புகளை யாரிடமும் கேட்காமல் தானே கணக்குப் பார்த்துப் பிடித்தது. அதில் ஒரேயொரு படம்தான் கிடைத்தது. இடுப்புவரை நன்றாக இருந்தது. மடிப்பு தொடங்கும் இடத்துக்குக் கீழே வெறும் சாம்பல் நிறம்.

"இத விட்டிருவம்," என்றேன்.

"வை," என்றாள்.

சோதிக்க வந்த அம்மா கண்ணாடியைத் தூக்கித் தூக்கிப் பார்க்கிறவர். லப்டொப்பை நான் இயக்கினேன். சட்டைகளை விரைவாகக் கடந்தார். சாம்பல் படத்தில் நின்றார்.

"இது என்ன, பாதிதான் கிடக்கு?"

"மிச்சம் அழிஞ்சு போச்சு மிஸ்," என்றாள் அக்கா. யார் அழித்தது என்று சொல்லவில்லை.

"அப்ப இதை எப்பிடிக் கணக்கில எடுக்கிற?"

அக்கா எழுந்துபோய் வெட்டிய துண்டுகளுக்குள் ஒரு நீளத் துணியை உருவினாள். மேசையில் விரித்து, அளவு நாடா தொடாமல், விரலால் மடிப்புப் பிடித்துக்கொண்டே போனாள். ஊசியால் குத்தித் தூக்கிப் பிடித்தபோது அது விரிந்து, விட்டபோது கூடியது. அந்த அம்மா வாங்கி இரண்டு தரம் விரித்து மூடினார். மடிப்புகளை எண்ணினார். தன் தாளில் ஏதோ எழுதினார். அக்கா எட்டிப் பார்க்கவில்லை, நான் பார்த்தேன். சரி என்று ஒரு அடையாளம்.

அவர் போன பிறகு தேத்தண்ணி குடித்தோம். தகர வாளியைத் திரும்ப வைக்கிறேன் என்றேன்.

"பறியை எடுக்காத. பறி நான் சாமான் வைக்கிற இடமாவே இருக்கட்டும். குப்பைக்கு வேற என்னத்தையும் போடு."

"என்னத்தப் போட?"

முற்றத்தைப் பார்த்தாள். "காகத்தப் போடு. அது தூக்கினா வராதெண்டு எல்லாருக்கும் தெரியும்."

அவளுடைய கோப்புறைக்குப் பறியைக் கொடுத்தேன். குப்பைக்கு மதிலில் இருந்த காகம், இரண்டு விதமாக: வாய் மூடியது ஒன்று, எதையோ கவ்வியது ஒன்று.

பெரும்போக அறுவடைக்கு மெசின் திரும்ப இறங்கியதும் நான் மண்டூருக்குப் போனேன். லப்டொப் அக்கா வீட்டிலேயே நின்றது. வயலில் அதை எங்கே வைப்பது. ஒரு மத்தியானம் அக்கா போன் எடுத்தாள். சான்றிதழ் வந்துவிட்டதாம், அடுத்த மாதம் நிலையத்துக்கு வரச் சொல்லியிருக்கிறார்களாம். அதை முடித்துவிட்டுக் கேட்டாள்:

"காகம் வாயில என்னத்தையோ வெச்சிருக்கு. கொண்டுபோக விடட்டா?"

"என்னதெண்டு பாத்திட்டு விடு," என்றேன்.

"நான் பாத்திட்டன். நீதான் பாக்காத ஆள்."