பிரெஞ்சு வகுப்பைக் காப்பாற்றிய சொதி

இறக்கக்கண்டியில் கல்வீடு கட்டினேன். கடல் கொண்டுபோனது, அதே இடத்தில் மறுபடியும் கட்டினேன். சைக்கிளில் மீன்பெட்டி கட்டித் திருகோணமலைச் சந்தைக்கு ஓடிய நான், சொந்த லொறி வாங்கினேன். பிரான்சுக்கு வந்து அடுத்தவர் குசினிகளில் கோப்பை கழுவி, பாரிசுக்கு வெளியே கடை போட்டு, இரண்டு பெண்பிள்ளைகளைப் பல்கலைக்கழகத்துக்கு அனுப்பினேன். இத்தனையும் ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன் செய்த காரியம். ஆனால் என் பிரெஞ்சு ரீச்சரைப் பெயர் சொல்லிக் கூப்பிட மட்டும் இன்றுவரை என்னால் முடியவில்லை.

கடையை மூத்த மகளிடம் கொடுத்த பிறகுதான் வகுப்புக்குப் போகத் தொடங்கினேன். எங்கள் மாடிக் குடியிருப்பின் கீழ்த்தள அறையில், ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர் எங்களைப்போல் வந்து சேர்ந்தவர்களுக்குச் சும்மா சொல்லிக்கொடுக்கிறார். “என்னைப் பிரான்சுவாஸ் என்று கூப்பிடுங்கள்” என்பார். “ஓம் ரீச்சர்” என்பேன். ஊரில் ரீச்சர் எதிரே வந்தால் சைக்கிளை விட்டு இறங்கி நின்ற கால்கள் இவை.

ஒருநாள் அவர் முகம் வாடி வந்தார். குடியிருப்புக்காரர் எவரும் எட்டிப்பார்க்காத அறையை ஏழெட்டு வெளிநாட்டுக்காரருக்காக வைத்திருக்க ஏலாது, கோடை முடிய வேறு தேவைக்குக் கொடுக்கப்போகிறோம் என்று நகரசபை சொல்லிவிட்டதாம். வகுப்பே கூடிக் கலர்க் கலராக அழைப்பு எழுதி லிப்டுக்குப் பக்கத்தில் ஒட்டினோம். கேக்கும் பழச்சாறும் வைத்துக் காத்திருந்தோம். வந்தது இரண்டாம் மாடி ஜெரார் ஒருவர்தான். அவரும் இந்தச் சத்தம் எத்தனை மணிவரை என்று கேட்கத்தான் வந்தார்.

வீடு திரும்பும்போது எனக்குக் கரைவலை ஞாபகம் வந்தது. வலை கரையேறும் காலை நேரத்தில் எங்கள் கடற்கரையில் யாரும் யாரையும் அழைப்பதில்லை. பக்கத்து ஊர் நிலாவெளிக்குப் போகிறவன்கூட சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு இறங்கிக் கயிற்றைப் பிடிப்பான். பிடித்தால் அவனுக்கும் கறிக்கு மீன் உண்டு. கிண்ணியா முஸ்லிம் காக்காமாரும் பிடிப்பார்கள், கோயிலுக்குப் போகிற ஐயாவும் பிடிப்பார். வலைக்குச் சொந்தக்காரரான சம்மாட்டி, நீ யார் என்று கேட்கமாட்டார். ஈரக் கயிறு உள்ளங்கையில் வைத்த எரிவு இன்னும் எனக்குள் இருக்கிறது. இங்கே அந்தப் பழக்கம் இல்லை. ஒருமுறை படிக்கட்டில் சாய்வுக் கதிரை தூக்கிவந்த பெண்ணுக்கு உதவ மறுமுனையைப் பிடித்தேன். “நோன், நோன்!” என்று கத்தினாள்; கள்ளன் என்று நினைத்துவிட்டாள். நான் விடவில்லை. வீட்டு வாசல்வரை தூக்கிக்கொடுத்துவிட்டுத்தான் வந்தேன்.

அழைத்தால் வரமாட்டார்கள், கையில் வேலையைக் கொடுத்தால் நிற்பார்கள் என்று முடிவெடுத்தேன். அடுத்த சனிக்கிழமை முற்றத்தில் காஸ் அடுப்பையும் பெரிய பானையையும் இறக்கினேன்.

“ஊருக்கெல்லாம் சமைக்க இதென்ன கலியாணவீடோ?” என்றாள் என் மனைவி மனோன்மணி.

“நீ சொதியை வை. ஆக்களை நான் பாக்கிறன்.”

வேண்டுமென்றே எந்த வேலையையும் முடிக்காமல் வைத்திருந்தேன். இங்கே சமைக்கக்கூடாது என்று சொல்ல ஜெரார் இறங்கி வந்தார். அவர் கையில் பாதித் தேங்காயைக் கொடுத்துத் திருவலையில் இருத்தினேன். “திருவுங்கோ!” என்றேன். கதிரைக்காரி வெங்காயம் உரித்தாள். பஸ் ஓட்டுகிற மாலி நாட்டுக்காரர் பானையை அடுப்பில் ஏற்றினார். அவர்கள் மறுத்துச் சொன்ன பிரெஞ்சு எதுவும் எனக்கு விளங்கவில்லை. அது நல்லதாய்ப் போயிற்று. தேங்காய்ப்பால் விட்ட மீன் சொதி கொதித்தபோது முற்றம் நிறைந்திருந்தது. அவர்களுடைய நீட்டுப் பாண் ரொட்டியைப் பிய்த்துத் தோய்த்துச் சாப்பிட்டார்கள். ஜெரார் கீறல்பட்ட விரலைக் காட்டி, “என் தேங்காய்! என் தேங்காய்!” என்று எல்லோரிடமும் பெருமையடித்தார். அதற்குப் பிறகு அவர்கள் வகுப்பு நாள்களில் வந்து எங்களோடு பிரெஞ்சு கதைக்கத் தொடங்கினார்கள். நகரசபை அறையை எடுக்கவில்லை.

இப்போது அறை வாசலில் அன்றைய படம் தொங்குகிறது. கீழே “பிரான்சுவாஸும் மாணவர்களும்” என்று எழுதியிருக்கிறது. நான் ஓரத்தில், அகப்பையோடு, பாதி முகம். என் பெயர் எங்கே என்று கேட்டேன்.

“எல்லோரும் சேர்ந்துதானே செய்தோம்?” என்றார் ரீச்சர்.

“ஓம் ரீச்சர், எல்லாரும்தான். எல்லாரையும் கொண்டுவந்தது ஆர்?” என்றேன். பாதி பிரெஞ்சு, பாதி தமிழ்.

“இஞ்சருங்கோ, சொதி வைச்சவளின்ர பேரை முதலில கேளுங்கோ” என்று சிரித்தாள் மனோன்மணி.

ஊரில் நான் இதைக் கேட்டிருக்கமாட்டேன். அங்கே சந்தையில் நின்று யாரைக் கேட்டாலும் என் பெயரைச் சொல்வார்கள். இங்கே எழுதி வைத்தால்தான் உண்டு. ஆகவே கேட்கிறேன்: அந்தப் படத்தின் கீழே “இறக்கக்கண்டி இராசலிங்கம்” என்று எழுதுங்கள். ஊரை வெட்டிவிட்டுப் பெயரை மட்டும் போடவேண்டாம். இரண்டும் சேர்ந்தே அந்தப் பிரெஞ்சுச் சுவரில் தொங்கவேண்டும். மனோன்மணியின் பெயரையும் எழுதலாம். எனக்குக் கீழே.