கொய்யா மரத்துச் செபமாலை

பிள்ளைகளே, உங்கள் அம்மா காய்ச்சுகிற கொய்யா ஜெலி, தட்டில் கவிழ்த்தால் அசையாமல் நிற்கிறதே, அது எப்போதும் அப்படி நின்றதில்லை. எங்களுக்குக் கல்யாணமான வருஷம், ஆகஸ்ட் மாத மாதா திருநாளுக்குக் கோயில் சுவாமியாரின் மேசைக்கு அவள் கொண்டுபோன ஜெலி, கவிழ்த்ததும் தட்டைத் தாண்டி மேசை விரிப்பில் ஓடியது. பக்கத்தில் நின்ற கிளாக்கரம்மா, "ஜெலியா கொண்டாந்தீங்க? சொல்லியிருந்தா குடிக்கக் கோப்பை எடுத்து வச்சிருப்பேனே!" என்றார். கோயில் பெண்கள் அத்தனை பேரும் சிரித்தார்கள். அம்மா தட்டை முந்தானைக்குள் மறைத்துக்கொண்டு வீடு வந்து சேர்ந்தாள்.

மறுவருஷம் திருநாள் நெருங்கியபோது என்னிடம் வந்தாள்.

"என்னங்க, போன தடவ பழம் இன்னும் கொஞ்சம் கனிஞ்சிருக்கணும். அதான் இறுகல. நல்லாக் கனிஞ்சு மணக்கிற பழமா ஒரு கூடை கொண்டாந்து குடுங்க. இந்தத் தடவையும் ஓடிச்சுன்னா நான் கோயில் பக்கமே வர மாட்டேன்."

அப்போது நான் பிலிமத்தலாவையில் ஒரு புடவைக் கடையில் துணி அளந்து கிழித்துக்கொண்டிருந்தேன். கூடை நிறையக் கொய்யாப்பழத்துக்கு எனக்குத் தெரிந்த வழி ஒன்றுதான்: அதே கிளாக்கரம்மாவின் வீட்டுக்காரர். கோர்ட்டில் பெரிய கிளாக்கராக இருந்து ஓய்வு பெற்றவர். கடுகண்ணாவைச் சரிவில் அவருக்குக் கொய்யாத் தோட்டம் இருந்தது. வருஷா வருஷம் திருநாளுக்கு முன் கோயில்காரர் சிலரைப் பழம் பறிக்க அழைப்பார். சம்பளம் கிடையாது. ஆளுக்கு ஒரு கூடை.

பறிக்கிற நாள் ஞாயிற்றுக்கிழமை. ஞாயிற்றுக்கிழமை வேலை செய்வது பாவமில்லையா என்று பயந்துகொண்டே கேட்டேன்.

"வேலையா? யாரு உங்கள வேலை செய்யச் சொன்னது? நீங்க செபம் சொல்லப் போறீங்க. சொல்றப்போ கை சும்மா இருக்கக் கூடாதுன்னு பழம் பறிக்கிறீங்க" என்றார். கோர்ட்டில் இருந்தவரல்லவா!

மரத்துக்கு ஒரு செபமாலை என்பது அங்கே சட்டம். கிளாக்கர் மரத்தடியில் கதிரை போட்டு உட்கார்ந்து மாலையை உருட்டி, அதன் ஒவ்வொரு மணிக்கும் செபத்தின் முன்பாதியைச் சொல்வார். பின்பாதியைக் கிளைகளில் இருக்கிற நாங்கள் ஆறு பேரும் சத்தமாகச் சொல்ல வேண்டும். செபம் சொல்கிற வாய் பழம் தின்னாது என்பது அவருடைய விசுவாசம். ஒரு குரல் குறைந்தால் போதும், "மேல் கிளையில யாரு? சத்தம் பத்தாது! மாதாவுக்குக் கேக்கணும்!" என்பார். செபத்தின் மேல் எனக்கு அன்றும் இன்றும் மரியாதை உண்டு. அதைத் தோட்டக் காவலுக்குக் கட்டிப்போட்டதை மட்டும் நான் வேறெங்கும் பார்த்ததில்லை.

அவர் மறந்தது ஒன்று. அவர் முன்பாதியைச் சொல்லும்போது எங்கள் வாய் சும்மாதானே இருக்கும்? அவர் தொடங்கியதும் கடிப்போம். அவர் முடிப்பதற்குள் விழுங்குவோம். ஐம்பத்துமூன்று மணிக்கு ஐம்பத்துமூன்று கடி. எனக்கு அடுத்த கிளையில் இருந்தவர் கோயில் உபதேசியார். ஊருக்கே ஞானோபதேசம் சொல்லிக் கொடுக்கிறவர், எனக்கும் சொல்லிக் கொடுத்தார்.

"தம்பி, காயைக் கடிக்காத. கறுக்குனு கேக்குது. கனிஞ்சதாப் பாத்துக் கடி, சத்தமே வராது."

அன்று இருந்த பக்தி எனக்கு அதற்கு முன்னும் இல்லை, பின்னும் இல்லை. அடுத்த மணி எப்போது வரும் என்று ஏங்கிக் கிடந்தேன்.

பின்னேரம் கிளாக்கர் பழங்களைத் தரம் பிரித்தார். கனிந்ததெல்லாம் அவர் வீட்டுக்கு. பச்சையாய்க் கல்லுப் போல இருந்தவை எங்கள் கூடைகளுக்கு.

"ஐயா, திருநாளுக்கு மூணு நாள்தான் இருக்கு" என்றேன்.

"வச்சிருந்தாப் பழுக்கும். பொறுமையும் ஒரு புண்ணியந்தான்" என்றார்.

வீட்டில் அம்மா ஒரு காயை எடுத்து மேசையில் தட்டினாள். டொக்கென்றது.

"இதுல ஜெலி காச்சவா, ஆணி அடிக்கவா?" என்றவள் கிட்டே வந்து மோந்து பார்த்தாள். "ஓஹோ! உங்க வாய் மட்டும் நல்லாக் கனிஞ்சு மணக்குது!"

அவள் எனக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து காய்களை வெட்டினாள். தோள் குலுங்கியதைப் பார்த்தபோதுதான், நான் கிளையில் இருந்து விழுங்கியது அவளுடைய ஜெலியை என்று எனக்கு உறைத்தது. சுவாமியாரிடம் பாவங்களைச் சொல்கிற பாவசங்கீர்த்தனத்தில் கூட நான் அதைச் சொன்னதில்லை. இப்போது உங்களிடம் சொல்கிறேன்.

வேறு வழியில்லாமல் அந்தக் காயையே அவித்து, துணியில் கட்டித் தொங்கவிட்டு, வடிந்த சாற்றில் சீனியும் தேசிக்காய்ப் புளியும் விட்டுக் காய்ச்சினாள்.

திருநாளன்று சுவாமியாரின் மேசையில் கவிழ்த்தாள். ஜெலி ஒரு ஆட்டம் ஆடியது, நின்றுவிட்டது. அடுத்துக் கிளாக்கரம்மா, கனிந்த பழமாகப் பொறுக்கிக் காய்ச்சியதைக் கவிழ்த்தார். அது சுவாமியாரின் அங்கியைத் தேடி ஓடியது. அம்மா ஒரு கோப்பையை எடுத்து அந்தத் தட்டுக்குப் பக்கத்தில் வைத்தாள்.

காயில்தான் இறுகுகிற சத்து இருக்கிறது, கனிந்தால் போய்விடும் என்று அவளுக்கு அந்த நிமிஷமே விளங்கிவிட்டது. கிளாக்கருக்கு விளங்கவில்லை.

"என்ன சேத்தீங்க?" என்று அம்மாவிடம் கேட்டார்.

"ஒண்ணுமில்லீங்க ஐயா. எல்லாம் நீங்க சொன்ன செபமாலைதான்."

அவர் அதை நம்பினார். மறுவருஷம் மரத்துக்கு இரண்டு செபமாலை வைத்தார். காய்களை மறுபடியும் எங்களுக்கே தந்தார். மணிக்கு ஒரு கடி தவறாத உபதேசியார் மூன்றாவது மரத்தோடு வயிற்றைப் பிடித்துக்கொண்டு இறங்கிவிட்டார்.