நாலரை மணிப் படங்கள்

எங்கள் கல்லூரி நூலகர் அக்காவுக்கு மாணவர்கள் வைத்த பெயர் 'எங்கேர்ந்து'. ஆய்வரங்கில் காட்டும் படங்களுக்குக் கீழே, யார் எடுத்தது, எங்கிருந்து வந்தது என்று எழுதியிருக்கிறதா எனப் பார்ப்பது அவர் வேலை. "நெட்ல கிடைச்சதுக்கா" என்று எவனாவது சொன்னால் தொலைந்தான்.

"ரோட்ல கிடைச்ச செருப்பக்கூட யாரோடதுன்னு கேட்டுட்டுதானே மாட்டுவே?" என்பார். வீட்டுக்காரர் காய்கறி வாங்கி வந்தாலும் அதே கேள்விதான்.

இப்படி ஊரையே சந்தேகப்படுகிறவருக்கு, தினமும் மாலையில் தன் பையைத் திறந்து பார்க்கும் வாசல் காவலாளியைக் கண்டால் மட்டும் ஆகாது. "ஒம்பது வருஷமா பாக்கறாரு. இன்னும் நம்பிக்கை வரலையா?" என்று புலம்புவார். பக்கத்து மேஜைக்காரியான எனக்குச் சிரிப்பை அடக்குவது பெரும்பாடு.

போன வாரம் விலங்கியல் மாணவி ஒருத்தி வந்தாள். கல்லூரி மாடியில் அடையும் வவ்வால்களைப் பற்றி மறுநாள் ஆய்வரங்கில் அவள் பேச வேண்டும். பதினோரு படங்கள். எல்லாவற்றின் கீழும் 'படம்: சொந்தம்'. அக்கா ஒரு படத்தின் விவரத்தைத் திறந்தார். எடுத்த நேரம் அதிகாலை நாலரை.

"கேட்டே ஏழு மணிக்குத்தான் திறப்பாங்க. நீ எப்படி உள்ள வந்தே?"

திருடனுக்குத் தேள் கொட்டியது போல் அவள் முழித்தாள்.

"திருட்டுப் படம்னா இந்த வருஷப் படிப்பே போயிடும், தெரியுமில்ல?"

"எங்கப்பா எடுத்ததுக்கா. அப்பாவோடது எனக்குச் சொந்தம்தானே?"

"சரி, அவர் எப்படி உள்ள வந்தார்?"

"ராத்திரி முழுக்க அவர் உள்ளதான்க்கா இருப்பார். நம்ம கேட் வாட்ச்மேன்."

அக்கா படத்தை விட்டுவிட்டு அவள் முகத்தைப் பார்த்தார். "அத ஏன் எழுதல?"

"கூடப் படிக்கிறவங்களுக்குத் தெரியாதுக்கா." அழுதுவிட்டாள். "அப்பாவும் வேணாம்னுட்டார். என் பேர் வந்தா உனக்குத்தான் கேவலம்ங்கறார்."

"அவர் சொல்றது இருக்கட்டும். நீ என்ன சொல்றே?"

படம் எடுத்தவர் கையெழுத்துப் போட வேண்டிய அனுமதிப் படிவத்தை அக்கா நீட்டினார். அவள் ஜன்னலோரம் அரைமணி நேரம் அதை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். எழுதி முடித்து, "நான் குடுத்தா கிழிச்சிடுவார். நீங்களே குடுத்துருங்கக்கா" என்று வைத்துவிட்டுப் போனாள்.

மாலை வாசலில் அக்கா கொடுத்ததும் காவலாளி அதை வரி வரியாகப் படித்தார். 'படம் எடுத்தவர்: இக்கல்லூரியின் காவலாளி. என் அப்பா.' நிமிர்ந்து அக்காவை ஒரு பார்வை பார்த்தார்.

"இத அவளா எழுதினாளா, நீங்க எழுத வெச்சீங்களா?"

"ஐயோ, அவளேதான் எழுதினா. நான் பக்கத்துலகூடப் போகல."

அவர் நம்பவில்லை. வெளிச்சத்தில் பிடித்து எழுத்தைப் பார்த்தார். "அவ எழுத்துதான்" என்று தனக்குள்ளே சொல்லிக்கொண்டு, 'என் அப்பா' என்ற இடத்தில் விரலை வைத்தபடி நின்றார். பிறகு கையெழுத்துப் போட்டார்.

கண்ணைத் துடைத்துக்கொண்டு, "பையத் திறங்க மேடம்" என்றார். அக்கா அன்று முணுமுணுக்காமல் திறந்து காட்டினார்.