சத்தம் போடாத வீடு

ஒரு மனிதன் பத்தொன்பது வருஷம் பகலில் தூங்கினால் வீடு என்ன கதிக்கு ஆளாகும் என்று தெரிந்துகொள்ள வேண்டுமானால், ரோலர்காரர் வீட்டைத்தான் போய்ப் பார்க்க வேண்டும். வாசல் மணியின் ஒயரை என்றைக்கோ பிடுங்கிப் போட்டாயிற்று. அவர் மனைவி குக்கரில் விசில் வருவதற்குள் அடுப்பை அணைத்துவிடுவாள். வெந்தது பாதி, வேகாதது பாதி, அதுதான் அன்றைய சாப்பாடு. பாத்திரம் கழுவும் மேடையில் பழைய துண்டு ஒன்று மடித்துப் போட்டிருக்கும், தட்டு வைத்தால் சத்தம் வராமலிருக்க. படுக்கையறை ஜன்னலுக்குக் கறுப்புத் துணி. ஒரே மகள், இருமல் வந்தால் தலையணையில் முகத்தைப் புதைத்துக்கொண்டு இருமப் பழகியவள். "உங்க பொண்ணு பேசக் கத்துக்கிறதுக்கு முன்னாடியே கிசுகிசுக்கக் கத்துக்கிட்டா" என்று பக்கத்து வீட்டுக்காரி சொல்வாள். அதையும் அவர் மனைவியை வாசலுக்கு வெளியே இழுத்துக்கொண்டு போய்த்தான் சொல்லுவாள்.

ஊரில் உள்ள நாலைந்து ஆஸ்பத்திரிகளுக்கும் லாட்ஜுகளுக்கும் படுக்கை விரிப்பு வெளுத்துக் கொடுக்கும் சலவைக்கூடத்தில் அவருக்கு நைட் ஷிஃப்ட். வேலை, ரோலர் என்கிற சூடான பெரிய உருளையில் விரிப்பைத் தேய்ப்பது. ஈரத் துணியின் இரண்டு முனையையும் பிடித்து, சுருக்கமில்லாமல் உருளைக்குக் கீழே ஊட்ட வேண்டும். அந்தப் பக்கம் அப்பளம் போல மொடமொடவென்று வந்து விழும். கை இரண்டு விரல்கடை கூடுதலாக உள்ளே போனால் போனதுதான், திரும்பி வராது. பத்தொன்பது வருஷத்தில் அவர் அங்கே ஒரு நாளும் கண் அசந்ததில்லை. காலையில் வீட்டுக்கு வந்து, குளித்து, சாப்பிட்டு, ஒன்பது மணிக்குப் படுத்தால் நாலு மணிவரை அடித்துப் போட்ட மாதிரித் தூங்குவார். ஊர் நிம்மதியாகப் படுக்க விரிப்புத் தேய்த்துக் கொடுத்துவிட்டு, ஊர் எழுந்த பிறகு படுக்கிற மனிதர்.

அப்படியே விட்டுத் தொலைத்திருக்கலாம். புதிதாக இரண்டு பெரிய இயந்திரங்களை வாங்கிப் போட்ட கம்பெனி, இனி நைட் ஷிஃப்டே வேண்டாம், எல்லாரும் பகலில் எட்டு மணிக்கு வந்தால் போதும் என்று சொல்லிவிட்டது. கேட்டவர்களெல்லாம் கையைப் பிடித்துக் குலுக்கினார்கள். மனைவி கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "இனிமே நாமளும் மனுஷங்க மாதிரி ராத்திரி தூங்கிப் பகல்ல முழிப்போம்" என்றாள். பாவம், என்ன ஆசை.

முதல் நாள் பத்து மணிக்கு விளக்கை அணைத்துப் படுத்தவருக்குப் பொட்டுத் தூக்கம் வரவில்லை. இரண்டாம் நாளும் அதே கதை. இடுப்பு வலிக்கும்வரை இந்தப் பக்கம், தோள் வலிக்கும்வரை அந்தப் பக்கம். ராத்திரி இரண்டு மணிக்குக் கை தானாகத் துணி ஊட்டத் தயாராகிவிடும், உடம்பெல்லாம் சுறுசுறுப்பு. விடிந்து பத்து பதினொன்று ஆனால் போதும், எங்கிருந்துதான் வருமோ, நின்ற இடத்திலேயே கண்ணைக் கட்டிக்கொண்டு வரும். பகல் ஷிஃப்ட்டு ஆட்கள் அவருக்கு ஆந்தை என்று பெயர் வைத்தார்கள். "ஆந்தைக்கு வெளிச்சம் ஆகல, லைட்ட அணைங்கடா" என்று ஒருவன் கத்துவான், நாலு பேர் சிரிப்பார்கள். அவரும் சேர்ந்து சிரித்து வைப்பார். வேறென்ன செய்வது?

முதல் மெமோ, இரண்டு விரிப்புகள் உருளையில் சுற்றிக்கொண்டு புகைந்த அன்று வந்தது. இரண்டாவது, உலர்ந்த துண்டுகள் குவிந்த தள்ளுவண்டிக்குள் அவர் சுருண்டு கிடந்ததைக் கண்டுபிடித்த அன்று. உலர்த்தியிலிருந்து அப்போதுதான் எடுத்த வெதுவெதுப்பான துண்டுகள். அதில் சாய்ந்தால் யாருக்குத்தான் தூக்கம் வராது என்று அவர் கேட்கவில்லை, வாய்வரை வந்ததை விழுங்கிக்கொண்டார்.

பகல் ஷிஃப்ட் சூப்பர்வைசர் ஒரு பெண்மணி. கறாரானவள், ஆனால் கெட்டவள் இல்லை.

"அண்ணே, துணி கருகினா வேற துணி வாங்கலாம். கை போனா எந்தக் கடையில வாங்குறது? மேனேஜர் உங்கள இப்பவே அனுப்பணும்னு நிக்கிறாரு. கால்ல விழாத குறையா ஒரு மாசம் டைம் வாங்கியிருக்கேன். ஒழுங்கா டாக்டரப் பாருங்க. அடுத்த மாசம் முதல் திங்கட்கிழமை, காலைல எட்டு மணி, சர்டிபிகேட்டோட அவர் முன்னாடி நிக்கணும். அன்னைக்கு மட்டும் ஒரு நிமிஷம் லேட்டானாலும் என்னால ஒண்ணும் பண்ண முடியாது."

அவருக்கு வயது ஐம்பத்திரண்டு. உருளை பிடிப்பதைத் தவிர ஒன்றும் தெரியாது. இந்த வேலை போனால் இன்னொருவன் வாசலில் போய் என்னவென்று சொல்லிக்கொண்டு நிற்பது?

ஊரே ஆளுக்கொரு யோசனை சொன்னது. பால் குடி என்றான் ஒருவன், பாதத்தில் எண்ணெய் தேய் என்றான் இன்னொருவன். நூறிலிருந்து தலைகீழாக எண்ணச் சொன்னாள் பக்கத்து வீட்டுக்காரி. அவர் நூறிலிருந்து ஒன்றுக்கும் ஒன்றிலிருந்து நூறுக்கும் போய் வந்ததுதான் மிச்சம். மைத்துனன் ஒரு மாத்திரை கொடுத்தான். அதைப் போட்டுக்கொண்டு மறுநாள் பஸ்ஸில் மூன்று நிறுத்தம் தாண்டிப் போனார்.

கடைசியில் டாக்டர். இளவயதுப் பையன் மாதிரி இருந்தார், ஆனால் சொன்னதைச் சொல்லுகிற விதத்தில் சொன்னார்.

"தூக்கம் வர்ற நேரம் உங்க கையில இல்லைங்க ஐயா. அத இழுத்துப் பிடிக்கப் பாத்தா இன்னும் ஓடும். எந்திரிக்கிற நேரம் மட்டும்தான் உங்க கையில இருக்கு. ராத்திரி எத்தனை மணிக்குத் தூங்கினாலும் சரி, காலைல அஞ்சுக்கு எந்திரிச்சே ஆகணும். வெயில் வந்ததும் அதுல போய் நில்லுங்க. பகல்ல படுக்கவே கூடாது. மதியத்துக்கு மேல டீ கூடாது. படுத்துத் தூக்கம் வரலன்னா புரளாதீங்க, எந்திரிச்சு வந்து உக்காருங்க."

"ஒரு மணி நேரம்தான் தூங்கியிருந்தாலும் அஞ்சுக்கு எந்திரிக்கணுமா?"

"ஒரு மணி நேரம்தான் தூங்கியிருந்தாலும்."

பிடிவாதக்காரர், பிடித்துக்கொண்டார். ஜன்னலின் கறுப்புத் துணியைக் கழற்றலாமா என்று மனைவி கேட்டபோது மட்டும், "தெருவிளக்கு கண்ணுல அடிக்கும், இருக்கட்டும்" என்றார். பழைய மேசைக் கடிகாரத்துக்குச் சாவி கொடுத்து, அலாரத்தை ஐந்துக்குத் திருப்பித் தலைமாட்டில் வைத்தார். முதல் வாரம் நரகம். சாயங்காலம் ஆறு மணிக்கே தலை தொங்கும். மகள் கையைப் பிடித்துத் தெருத்தெருவாக நடத்திக்கொண்டு போவாள். அவள் பஸ் நிலையத்தில் டிக்கெட் கவுன்ட்டரில் இருப்பவள், விடியுமுன் டூட்டிக்குப் போக வேண்டியவள், அப்படியும் நடந்தாள். "கண்ண மூடாதப்பா, அந்த போர்டுல என்ன எழுதியிருக்கு, படி பாப்போம்" என்பாள். அவர் எழுத்துக் கூட்டுகிற குழந்தை மாதிரி கடைப்பலகையெல்லாம் படித்துக்கொண்டே வருவார். ராத்திரி தூக்கம் வராமல் அவர் எழுந்து நாற்காலியில் உட்கார்ந்தால் மனைவியும் எழுந்து எதிரே உட்காருவாள். "நீ போய்ப் படு" என்பார். "எனக்கும் வரல" என்பாள். பொய். அவளுக்குத் தலை ஆடிக்கொண்டிருக்கும்.

மூன்றாம் வாரத்தில் இரண்டு மணி நேரத் தூக்கம் நாலாயிற்று. நாலு, சில நாள் ஐந்தாயிற்று. உருளையின் முன்னால் ஒரு நாளும் தலை சாயவில்லை. டாக்டர் சந்தோஷமாக சர்டிபிகேட் எழுதிக் கொடுத்தார்: தூக்கம் சீராகி வருகிறது, வேலைக்குத் தகுதியானவர். அதை மடிப்புக் கலையாமல் சட்டைப்பையில் வைத்தார். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலமே சட்டையும் தேய்த்து மாட்டியாயிற்று.

அன்று ராத்திரி பார்த்து, நாளைக்கு எட்டு மணி, எட்டு மணி என்று மனசு அடித்துக்கொண்டதில், தூக்கம் கிட்டவே வரவில்லை. டாக்டர் சொன்னபடி எழுந்து உட்கார்ந்தார், படுத்தார், மறுபடி உட்கார்ந்தார். நாலு மணிக்குத்தான் கண் அசந்தது. வந்தது வந்தது, பத்தொன்பது வருஷத்துப் பகல் தூக்கம் அத்தனையும் திரண்டு வந்தது மாதிரி வந்தது.

நாலரைக்கு மகள் டூட்டிக்குக் கிளம்பினாள். கதவிடுக்கில் எட்டிப் பார்த்தாள். அப்பா வாயைத் திறந்துகொண்டு குறட்டை விடுவதைப் பார்த்து அவளுக்கு உச்சி குளிர்ந்துபோயிற்று. கூடத்தில் சார்ஜில் கிடந்த அவருடைய போனைச் சத்தம் வராதபடி மாற்றி வைத்தாள். ஐந்துக்குத்தான் அலாரம் இருக்கிறதே, அதுவரைக்காவது ஒருத்தரும் எழுப்ப வேண்டாம் என்றுதான். செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு, தாழ்ப்பாளை மூச்சுக் காட்டாமல் சாத்திவிட்டுப் போனாள்.

ஐந்து மணிக்கு அலாரம் அடித்தது. ஒரே ஒரு தடவை. மனைவியின் கை போய் அதை அமுக்கிவிட்டது. அவர் தூங்கும்போது வீட்டில் எது சத்தம் போட்டாலும் பாய்ந்துபோய் அமுக்குகிற கை அது; பத்தொன்பது வருஷப் பழக்கம். அவளைக் கேட்டா போயிற்று? அவளுக்குத் தெரியவே தெரியாது. ஒரு மாதமாக அவர் விழித்தபோதெல்லாம் விழித்த பெண்பிள்ளை, அவளும் அசந்து கிடந்தாள்.

அவள் கண் விழித்தபோது ஒன்பதரை. பதறி எழுந்து கூடத்துக்கு ஓடிப் போனை எடுத்தாள். சூப்பர்வைசரிடமிருந்து பதினோரு அழைப்புகள். கடைசி அழைப்பு எட்டு நாற்பதுக்கு. அதற்கப்புறம் ஒன்றுமில்லை. அதிலேயே எல்லாம் தெரிந்துவிட்டது. திரும்பி வந்து அவர் தோளை உலுக்கக் கையை நீட்டினாள். நீட்டிய கை அப்படியே நின்றது. ஷிஃப்ட் மாறிய நாளிலிருந்து இந்த முகம் இப்படித் தளர்ந்து அவள் பார்த்ததில்லை. போனது போய்விட்டது. எழுப்பி என்னத்தைச் சொல்வது? அவள் கறுப்புத் துணியின் ஓரத்தை இழுத்து வெளிச்சத்தை மறைத்துவிட்டு, வாசற்படியில் போய் உட்கார்ந்துகொண்டாள்.

அவர் எழுந்தபோது உடம்பு லேசாக இருந்தது. ஆகா, தூங்கினேனே என்று நெட்டி முறித்தார். அலாரத்துக்கு முன்னாலேயே எழுந்துவிட்டோம் என்று நினைத்தார், பாவி மனுஷன்.

"மணி என்ன?" என்று குரல் கொடுத்தார்.

"பன்னெண்டே கால்."

"ராத்திரியா?"

அவர் ஜன்னல் துணியை விலக்கினார். நடுப்பகல் வெயில் மூஞ்சியில் அறைந்தது.

"அலாரம் அடிக்கலயா?"

"அடிச்சுதுங்க. கை தானா போயிடுச்சு. எனக்கே தெரியல."

"நீ எப்ப எந்திரிச்ச?"

"ஒன்பதரைக்கு."

"ஒன்பதரைக்கா? அப்பவாவது எழுப்பித் தொலைச்சிருக்கக் கூடாதா? ஓடிப்போய்க் கால்லயாவது விழுந்திருப்பேனே!"

"அப்பவே எல்லாம் போயிடுச்சுங்க. தூக்கமாவது மிஞ்சட்டும்னு விட்டேன்."

அவருக்கு எங்கிருந்துதான் அந்தக் குரல் வந்ததோ. "ஒரு நாள்! ஒரே ஒரு நாள் இந்த வீட்டுல சத்தம் போட்டிருக்கக் கூடாதா? தட்டக் கிட்டக் கீழ போட்டு உடைச்சிருக்கக் கூடாதா?" கடிகாரத்தைத் தூக்கிச் சுவரில் எறிந்தார். பக்கத்து வீட்டுக்காரி வெளியே வந்து பார்த்தாள். அந்த வீட்டிலிருந்து சத்தம் கேட்டு அவள் அறிந்ததில்லை.

மனைவி எழுந்து நின்றாள். "யாருங்க கத்துக் கொடுத்தது? ஒரு ஸ்பூன் விழுந்தா முறைச்சது யாரு? ரெண்டு வயசுப் பிள்ளை அழுதா, அது வாயப் பொத்தித் தூக்கிக்கிட்டு ரோட்டுக்கு ஓடினது யாரு? பத்தொன்பது வருஷம் ஊமையா இருடின்னுட்டு, இன்னைக்கு வந்து சத்தம் போடலயான்னு கேக்குறீங்க!"

அவர் குனிந்து கடிகாரத்தின் கண்ணாடித் துண்டுகளைப் பொறுக்கினார்.

சட்டையை மாட்டிக்கொண்டு போகத்தான் போனார். மேனேஜர் ஒன்பது மணிவரை பார்த்துவிட்டு வேறு ஆளை உருளையில் நிறுத்தியிருந்தார். சூப்பர்வைசர் அவருடைய டிபன் டப்பாவையும் துண்டையும் ஒரு பையில் போட்டு வைத்திருந்தாள். "எத்தனை தடவை போன் அடிச்சேன் அண்ணே" என்றாள்.

"தூங்கிட்டேம்மா" என்றார் அவர். சட்டைப்பையிலிருந்த சர்டிபிகேட்டை எடுத்து நீட்டினார். தூக்கம் சீராகி வருகிறது என்பதை அவள் ஒரு தடவை படித்தாள். மடித்துத் திருப்பிக் கொடுத்தாள்.

இப்போது எட்டு மாதம் ஆகிறது. அவருக்குத் தூக்கம் பழுதில்லை. பத்து மணிக்குப் படுத்தால் ஐந்துக்கு விழிப்பு வந்துவிடுகிறது, அலாரமே வேண்டாம். விடிந்ததும் வெயிலில் நிற்கிறார். அதற்கப்புறம் போக இடமில்லை. ஏழெட்டு இடத்தில் கேட்டாயிற்று. வயதைச் சொன்னதும், பார்க்கலாம் என்கிறார்கள். சூப்பர்வைசர் மனது கேட்காமல், தங்களிடம் துணி போடும் ஆஸ்பத்திரி ஒன்றில் சொல்லி அவர் மனைவிக்கு வேலை வாங்கிக் கொடுத்தாள். வார்டு ஆயா. இருந்தது ஒரே ஒரு இடம்தான், நைட் டூட்டி.

காலையில் அவள் வந்து படுக்கிறாள். அவர் மேடைத் துண்டில் தட்டை வைக்கிறார், விசில் வருவதற்குள் அடுப்பை அணைக்கிறார், வாசலில் யாராவது வந்தால் விரலை வாயில் வைத்துக்கொண்டு ஓடுகிறார். பழைய கடிகாரத்துக்குக் கண்ணாடி இல்லை, ஆனால் ஓடுகிறது. சாயங்காலம் ஆறுக்கு அலாரம்.

நேற்று அது அடித்தபோது அவள் வாயைத் திறந்துகொண்டு தூங்கினாள். பகல் முழுக்கப் புரண்டுவிட்டு நாலு மணிக்குத்தான் கண் மூடியவள். அவர் கை கடிகாரத்தை நோக்கிப் பாதி தூரம் போனது. வெடுக்கென்று இழுத்துக்கொண்டார்.

"ஏய், எந்திரி. மணி ஆறாச்சு."

"இப்பத்தாங்க அசந்தேன். பத்தே நிமிஷம்..."

"பத்தும் கிடையாது, ஒண்ணும் கிடையாது. எந்திரின்னா எந்திரி." போர்வையை உருவித் தரையில் போட்டார், தோளைப் பிடித்து உலுக்கினார்.

அவள் கண்ணைத் திறந்து, ஜென்மப் பகையாளியைப் பார்க்கிற மாதிரி அவரைப் பார்த்தாள். அவரும் பார்த்தார். அலாரம் அடித்துக்கொண்டே இருந்தது. இரண்டு பேரில் ஒருவரும் அதை நிறுத்தப் போகவில்லை.