கியர் மாறின சத்தம்

எனக்கு எழுபத்திரண்டு வயது. நாலு பிள்ளைகளையும், பிறகு அதுகளின்ரை அஞ்சு பிள்ளைகளையும் வளர்த்தனான். எனக்கு எழுத்துக் கூட்டத்தான் தெரியும். நான் சொல்லச் சொல்ல மகன்ரை மகள் எழுதுறாள். அந்த அஞ்சு பேரில அவளும் ஒருத்தி.

யாழ்ப்பாணத்தில சண்டை நேரம், குண்டு போடுற பொம்மர் வந்தால் கிட்ட நிக்கிற பிள்ளையை இழுத்துக் கீழே போட்டு, மேலே நான் படுத்திடுவன். அஞ்சும் உயிரோட இருக்குதுகள். அதை வாற போற ஆக்களுக்கெல்லாம் பெருமையாச் சொல்லுவன். இப்ப இந்த வெளிநாட்டில, எயார்போட்டுக்குப் பக்கத்து மங்கரேயில, வீட்டுக்கு மேலாலதான் பெரிய பிளேனுகள் இறங்குறது. நான் நிமிந்தும் பார்க்கிறதில்லை.

போன ஈஸ்டருக்கு மகன் பழைய விமானங்கள் வைச்சிருக்கிற ஒரு கொட்டகைக்குக் கூட்டிக்கொண்டு போனான். அங்கை பழைய உலக யுத்தத்துச் சண்டை விமானத்தின்ரை எஞ்சினைத் தனியா இரும்புச் சட்டத்தில பூட்டியிருந்தினம். அதைப் பராமரிக்கிற வெள்ளைக்காரக் கிழவர் அந்த நாளில மெக்கானிக்காம். அவர் சொன்னதை, இப்ப இதை எழுதுற பேத்திதான் கூட நிண்டு தமிழில சொன்னாள். மேலே போகப் போகக் காத்து மெலியுமாம். காத்துக்கு ஏற்ற மாதிரித்தான் பெற்றோலும் எரியும், ஆக உயரப் போனால் பாதிப் பலமும் வராதாம்.

"பொய் சொல்லுறார்," எண்டன். "எங்களுக்கு அடிச்சவன் மேலே இருந்துதானே அடிச்சவன். பலம் குறைஞ்சதாத் தெரியேல்லையே."

"அம்மா, அந்தாளுக்கு நீங்கள் பாடம் எடுக்கப் போறியளோ?" எண்டு மகன் சிரிச்சான்.

கிழவரும் சிரிச்சுக்கொண்டு எஞ்சினுக்குப் பின்னால இருந்த உருண்டை மூடியைத் தட்டிக் காட்டினார். உள்ளே ஒரு விசிறியாம். எஞ்சினே அதைச் சுத்தி, மெலிஞ்ச காத்தை அமத்தி உள்ளே தள்ளுமாம். நிலத்துக்குக் கிட்டப் பதியப் பறக்கேக்க அது மெதுவாச் சுத்த ஒரு கியர், உயரத்தில வேகமாச் சுத்த இன்னொண்டு.

"நிலத்தில வேகமான கியரில கனநேரம் ஓட விட்டால் எஞ்சின் தாங்காதாம், அப்பம்மா. ஒருக்கால் மட்டும் மாத்திக் காட்டுறாராம்."

எஞ்சினை ஸ்டார்ட் பண்ணினார். சனமெல்லாம் காதைப் பொத்திச்சு. நான் பொத்தேல்லை. பேத்தியின்ரை கையைப் பிடிச்சுக்கொண்டு நிமிந்து நிண்டன்.

அவர் கியரை மாத்தினார். சத்தம் ஒருக்கால் தாழ்ந்து, பிறகு இரைஞ்சு எழும்பிச்சு. பொம்மர் குண்டு போடப் பதியேக்க அப்பிடித்தான் கேக்கும்.

நான் நிலத்தில கிடந்தன். குப்புற, வாயைத் திறந்து, ரெண்டு காதையும் பொத்திக்கொண்டு. சீலை முழங்காலுக்கு மேலே. அத்தனை சனத்துக்கு முன்னால. அந்த வெக்கத்தையெண்டாலும் தாங்கியிருப்பன். எஞ்சின் நிண்ட பிறகு தலையைத் தூக்கினால், பேத்தி நிண்ட இடத்திலேயே நிக்கிறாள். கையை விட்டுப்போட்டு நான் மட்டும் விழுந்திருக்கிறன்.

கிழவர் ஓடிவந்து முழங்காலில இருந்து மன்னிப்புக் கேட்டார். மகன் சனத்துக்கு, அம்மாவுக்குத் தலைச்சுத்து எண்டு சொன்னான். காரில வரேக்க பேத்தி என்ரை முழங்கையில பிரண்டிருந்த எண்ணெயைத் துடைச்சுவிட்டாள். "என்னை ஏன் இழுக்கேல்லை?" எண்டு அவள் கேக்கேல்லை. கேட்டிருக்கலாம்.

பிள்ளை, எழுதினதை ஒருக்கால் வாசி. கையை விட்ட இடம் வரேக்க நீ குனிஞ்சுகொண்டு கெதியா எழுதினனீ. எனக்குப் பாவம் பார்த்து மாத்தி எழுதியிருந்தால், அதை வெட்டிப்போட்டு நான் சொன்ன மாதிரியே எழுது.