காலையில் கறந்த மாடு

மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். இன்றைக்கு ஓசூரில் எனக்கு மூன்று மாடி வீடு. எல்லாம் மாட்டுத் தரகில் வந்தது. தமிழ், கன்னடம், தெலுங்கு, எந்தப் பாஷைக்காரன் மாடானாலும் ஒரு பார்வையில் எத்தனை லிட்டர் கறக்கும் என்று சொல்லிவிடுவேன். வயிற்றுக்கு அடியில் ஓடும் பால் நரம்பு போதும் எனக்கு. என் கண் தோற்றதே இல்லை. போன வருஷம் ஒரு வெள்ளிக்கிழமைச் சந்தையில் தோற்றது என் வாய்தான்.

தேன்கனிக்கோட்டைப் பக்கத்திலிருந்து ஒரு அம்மா டெம்போவில் ஒரு ஜெர்சி மாடு கொண்டுவந்திருந்தது. புருஷனுக்குக் கிட்னி போய்விட்டது. ஆஸ்பத்திரிக்கு அலையவே நேரம் சரி, தழை அறுக்க ஆளில்லை. மாட்டுக்கு நரம்பு விரல் தண்டி இருந்தது. மடி மட்டும் வற்றித் தொங்கியது.

"காலைல கறந்துட்டியாம்மா?"

"ஆமாண்ணா. மடி கட்டிக்கினா வெயில்ல நின்னு தவிக்குமே."

சந்தைக்கு வருகிற மாட்டை எவனும் கறந்து கொண்டுவர மாட்டான். முந்தின நாளே கறவையை நிறுத்திவிடுவான். மடி குடம் மாதிரி நிற்கும். அடுத்த வாரம் கறக்காமல் கொண்டுவா என்றேன். "திங்கக்கிழமை ஆஸ்பத்திரில பணம் கட்டணும்ண்ணா" என்றது.

சரி என்று ஒரு ஆளைக் கூட்டிவந்தேன். தெற்கத்திக்காரர். சிப்காட் கம்பெனி ஒன்றில் கான்ட்ராக்ட் வேலை பறிபோய், பால் ஊற்றிப் பிழைக்கலாம் என்று வந்தவர். பக்கத்தில் நின்ற மடி பெருத்த மாட்டிலேயே அவர் கண் நின்றது.

"அது நரம்பு நூல் மாதிரி இருக்குது. இதை வாங்குங்க. நாளைக்கு இவங்க ஊட்டுக்கே போய் ரெண்டு வேளை கறந்து பாருங்க."

"இம்புட்டு நல்ல மாட்ட எதுக்கு அண்ணாச்சி விக்காங்க?"

ஆஸ்பத்திரிக் கதையை அந்த அம்மாவே சொன்னது.

"இங்க எல்லாருக்கும் ஒரு ஆஸ்பத்திரி இருக்குல்லா" என்று சிரித்தார். "அண்ணாச்சி, நீங்களே வாங்கிக் கட்டலாமே?"

தரகன் மாடு வைத்துக்கொள்ள மாட்டான். நல்லதை வீட்டில் கட்டிக்கொண்டு மிச்சத்தைத் தள்ளுகிறான் என்று பேச்சு வரும். அதைச் சொன்னேன். அதற்கும் சிரித்தார். சந்தை வழக்கப்படி துண்டுக்குள் என் விரலைப் பிடித்து விலை காட்டி, பாதி விலைக்குக் கேட்டார். அப்புறம் போய் மடி பெருத்ததை முழு விலைக்கு வாங்கினார்.

மத்தியானம் கேரளா லாரிக்காரர் வந்தார். மடியைப் பார்க்கவே இல்லை. இடுப்பைத் தட்டினார், தொடையை அழுத்தினார். கறிக்கு எடையைத் தவிர அவருக்கு எதுவும் தெரிய வேண்டியதில்லை. தெற்கத்திக்காரர் கேட்டதைவிட இரண்டு விரல், அதாவது இரண்டாயிரம், கூடவே பிடித்தார். அந்த அம்மா என் முகத்தைப் பார்த்தது. சந்தையில் அதுதான் மேல் விலை. தலையாட்டினேன்.

ஏற்றும்போது மாடு காலை அகட்டி அகட்டி நின்றது. மடி மறுபடி சுரந்து இறுகியிருந்தது. "ஒரு நிமிசம்" என்று அந்த அம்மா டீக்கடையில் குண்டான் வாங்கி உட்கார்ந்தது. நிறைந்தது. இன்னொன்று கேட்டு வாங்கியது. அதுவும் நுரை தளும்ப நிறைந்தது. கூட்டம் கூடியது. தெற்கத்திக்காரரும் தான் வாங்கிய மாட்டைப் பிடித்தபடி நின்று பார்த்தார்.

"இப்ப என்ன சொல்றீங்க?" என்றேன்.

"ரெண்டு நாளா கறக்காம வச்சிருப்பாக" என்றார்.

"காலைல கறந்ததுப்பா" என்றது அந்த அம்மா.

சந்தையில் யார் என்ன சொன்னாலும் ஆட்டுவது போல அவர் அதற்கும் ஒரு தலையாட்டு ஆட்டினார். அந்த அம்மா பாலை டீக்கடைக்கே ஊற்றிவிட்டு, குண்டான்களைக் கழுவிக் கொடுத்தது. லாரிக்காரர் பின்கதவைச் சாத்தினார்.