நிரஞ்சனி மிஸ்ஸின் பிரேக் கால்

நிரஞ்சனி இறந்த அன்று அம்பிட்டிய வீதிச் சரிவு முழுக்க வண்டிகள் நின்றன. ஒவ்வொன்றின் முன்சக்கரமும் வீதியோரக் கல்லை நோக்கித் திரும்பியிருந்தது. இறக்கத்தில் வண்டியை அப்படித்தான் நிறுத்த வேண்டும் என்று கண்டியில் பாதிப் பேருக்குச் சொல்லிக் கொடுத்தவர் அவர்தான்.

வண்டி ஓட்டப் பழக்கும் லேனர்ஸ் கார் அவருடையது. பழகுகிறவர் வலப்பக்கம், மிஸ் இடப்பக்கம். மிஸ்ஸின் காலடியில் இன்னொரு கிளட்ச், இன்னொரு பிரேக். கண்டியின் ஏற்ற இறக்கத்தில் அந்த இரண்டாவது பிரேக்கை நம்பித்தான் எல்லோரும் ஏறினார்கள்.

அத்தனை வருடத்தில் காருக்குள் அவருக்கு ஒரு கீறல்கூட விழுந்ததில்லை. ஒருமுறை கால் உடைந்ததும் வீட்டுப் படிக்கட்டில்தான், பாசி வழுக்கி. வலது கணுக்காலுக்குச் சற்று மேலே, வெளிப்பக்கத்து மெல்லிய எலும்பு. பிளாஸ்டர் போட்டு, காலை ஊன்றவே கூடாது என்று சொல்லி அனுப்பினார்கள்.

நிரஞ்சனி சொன்னபடி கேட்டார். ஊன்றுகோலில்தான் போனார், வந்தார். ஆனால் மகள் சஞ்சீவனி காரோட்ட, பக்கத்தில் உட்கார்ந்து கிளினிக்குக்குப் போன வழியில், ஒவ்வொரு வளைவிலும் அவருடைய வலது கால் தானாகத் தரையை மிதித்தது. அங்கே பிரேக் இல்லை. பிளாஸ்டரின் குதிகால் பக்கம் வெடித்துவிட்டது.

கிளினிக்கில் இருந்த யாழ்ப்பாணத்து டொக்டர் வெடிப்பைத் தடவிப் பார்த்தார். "ஆர் அம்மா உங்களை நடக்கச் சொன்னது?"

"நடக்கலீங்க டொக்டர். பிரேக் புடிச்சேன்."

"கார் ஓடினது ஆர்?"

"எம் மக."

"அவவின்ர காருக்கு பிரேக் இல்லையோ?"

"இருக்குங்க. அவ லேட்டா புடிக்கிறா."

சஞ்சீவனி எஞ்சினியர். அன்று திரும்பும்போது அம்மாவைப் பின் சீட்டில் குறுக்காக உட்கார வைத்து, காலை நீட்டிவிட்டாள். வீதி தெரியாது. கால் அடங்கியது. குரல் அடங்கவில்லை.

"கியரக் கொற புள்ள. வளைவு வருது."

"தெரியும்மா. டெய்லி வாற ரோடுதான்."

"டெய்லி இப்படித்தான் வாறியா?"

எலும்பு ஒட்டியது. பிளாஸ்டரை வெட்டியபோது கால் மெலிந்து மரக்கட்டை மாதிரி இருந்தது. துவாய்த் துண்டைப் பாதத்தில் கோத்து இழுத்தார், சுவரைப் பிடித்து எம்பினார், முற்றத்தில் நடந்தார். நடை வந்தது. பிரேக் வரவில்லை. நிறுத்தி வைத்த காரில் உட்கார்ந்து மிதித்துப் பார்த்தால், பாதி வழியில் கால் பின்வாங்கியது. வெறும் தரையை உதைத்து பிளாஸ்டரை வெடிக்க வைத்த அதே கால்.

"இது வராட்டி காரை வித்துடுவோம்," என்றார். "ஊரான் வூட்டுப் புள்ளைங்கள வச்சிக்கிட்டு வெளயாட முடியாது."

சஞ்சீவனி, ஏறி நின்று நிறை பார்க்கும் தராசைச் சுவரில் சாய்த்து, உட்கார்ந்தபடி மிதிக்கச் சொன்னாள். முதலில் இடது கால், பிறகு வலது. ஏறக்குறைய ஒரே அளவு.

"பலம் வந்துருச்சும்மா. பயம்தான் மிச்சம்."

"அதுக்கு ஒரு தராசு கொண்டா பாப்போம்."

டொக்டரும் கார் ஏறலாம் என்றார். நிரஞ்சனிதான் நாளைக் கடத்தினார். கடைசியில் ஸுலைஹா மிஸ்ஸைத் தேடி வீட்டுக்கே வந்துவிட்டார். கார் ஓட்டும் பரீட்சையில் பலமுறை தவறி, வேறு யாரிடமும் பழகமாட்டேன் என்று காத்திருந்த பெண். அவருக்காக நிரஞ்சனி சம்மதித்தார். காலையில், ஆளில்லாத குறுக்கு வீதி, முதல் கியர் மட்டும்.

கார் ஊர்ந்தது. ஒரு கேட்டிலிருந்து ஆட்டோ ஒன்று பின்பக்கமாகவே வீதிக்கு வந்தது. ஸுலைஹா "யா அல்லாஹ்" என்று ஸ்டியரிங்கிலிருந்து இரண்டு கையையும் எடுத்தார்.

கார் குலுங்கி நின்றது. எஞ்சின் அணைந்தது. ஆட்டோக்காரர் இவர்களைத் திரும்பியும் பார்க்காமல் போய்விட்டார்.

"மிஸ், நானா நிப்பாட்டின?"

"இல்ல. நான்."

ஸுலைஹா குனிந்து பார்த்தார். மிஸ்ஸின் வலது கால் பிரேக்கை அடிமட்டம்வரை அழுத்தியபடி இருந்தது.

"நோவுதா மிஸ்?"

"நல்லா நோவுது." நிரஞ்சனிக்குச் சிரிப்பு வந்துகொண்டிருந்தது. "ஸ்டார்ட் பண்ணுங்க. இந்தத் தடவ கைய எடுக்காம."